இருபது வருடமாக நகராத ஆறு

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஜன்னல் டீச்சர் என்று பெயர். பிள்ளைகள் வைத்த பெயர்தான், ஆனால் ஆசிரியர்கள் அறையிலும் அதுவே ஓடிக்கொண்டிருந்தது. ஏழாம் வகுப்புக்குப் பூகோளம் எடுக்கிற இந்த அம்மாளின் பாடம் கரும்பலகையில் நடக்காது, ஜன்னல் கண்ணாடியில் நடக்கும். நாற்பது வருடத்துக்கு முந்தைய வரைபடத்தை வெயில் படுகிற கண்ணாடியில் ஒட்டி, மேலே டிரேசிங் தாளை வைத்து, ஆற்றின் கரையைப் பச்சைப் பென்சிலால் எடுக்க வேண்டும். அதே தாளை இருபது வருடத்துக்கு முந்தைய படத்தின் மேல் வைத்து நீலத்தால் எடுக்க வேண்டும். போன வருடத்துப் படத்துக்குச் சிவப்பு. அப்புறம் ஸ்கேலை வைத்து, பச்சைக்கும் நீலத்துக்கும் எவ்வளவு தூரம், நீலத்துக்கும் சிவப்புக்கும் எவ்வளவு தூரம், வருடத்துக்கு எத்தனை அடி ஆறு நகர்கிறது என்று கணக்குப் போட்டு, இன்னும் பத்து வருடத்தில் கரை எங்கே வந்து நிற்கும் என்று புள்ளிக்கோடு போட வேண்டும். புள்ளிக்கோடு போடத் தெரியாதவனுக்குப் பூகோளமே தெரியாது என்பது டீச்சருடைய கட்சி.

இருபத்தாறு வருட சர்வீஸில் டீச்சருக்குப் பிடித்தது கொஞ்சம், குமட்டியது நிறைய. ‘ஆறு என்றால் என்ன’ என்று கேட்டு நாலு வரிப் பதிலை மனப்பாடம் செய்யச் சொல்கிற பாடப்புத்தகத்தைப் பார்த்தால் குமட்டும். பக்கத்து வகுப்பு வாத்தியார் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் வைத்திருந்தார். நோட்டில் டொப்பென்று வரைபடத்தைக் குத்தி, ‘கலர் அடிங்கடா’ என்று சொல்லிவிட்டு மேஜை மேல் தலையைச் சாய்த்துக்கொள்வார். அந்தச் சத்தம் சுவர் தாண்டிக் கேட்கும்போதெல்லாம் டீச்சர் ‘சீ’ என்பாள். முகத்துக்கு நேராகவும் சொல்லியிருக்கிறாள். அதனால் ஆசிரியர்கள் அறையில் அவள் பக்கத்து நாற்காலி எப்போதும் காலியாக இருக்கும்.

பிடித்த கொஞ்சத்தில் முக்கியமானது வீட்டுக்காரர் போடுகிற கோடு. அவர் சர்வே ஆபீஸில் படம் வரைகிறவர். கல்யாணப் பேச்சு நடந்தபோது அவர் வரைந்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டுத்தான் டீச்சர் சரி என்றாள். கோடு நடுங்காத மனுஷன், குணமும் நடுங்காது என்று நம்பினாள். நம்பினவளைத்தான் சொல்ல வேண்டும்.

வகுப்புக்கு வேண்டிய மூன்று படங்களையும், ஒவ்வொன்றுக்கும் பக்கத்துப் பக்கத்து ஷீட்டு இரண்டைச் சேர்த்து ஒட்டி, அவர்தான் ஆபீஸிலிருந்து நகல் எடுத்துத் தந்தார். பிள்ளைகள் கண்ணாடியில் ஒட்டிக் கோடு எடுத்தார்கள். ஊருக்குக் கிழக்கே ஆறு வளைகிற இடத்தில் பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவே நூற்றைம்பது அடி வந்தது. சரி, முதல் இருபது வருடத்தில் ஆறு அவ்வளவு கரையைத் தின்றிருக்கிறது. நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவே எதுவுமே இல்லை. ஒரு மயிரிழைகூட இல்லை. ‘அடுத்த இருபது வருஷத்துல ஆறு ஏன் டீச்சர் நகரல?’ என்று ஒரு பையன் கேட்டான். டீச்சர் கொஞ்சம் யோசித்து, ‘அடியில பாறை தட்டியிருக்கும். தண்ணியால அறுக்க முடியல’ என்றாள். அத்துடன் விட்டாளா? கரும்பலகையில் பாறையை வரைந்தும் காட்டினாள். வளைவுக்கு நடுவில் சிவப்புப் படத்தில் வட்டமாக ஒரு திட்டு இருந்தது. ‘பாத்தீங்களா, மணல் சேந்திருக்கு’ என்று அதற்கும் ஒரு விளக்கம் கொடுத்தாள்.

வகுப்பில் ஒரே ஒருத்தி மட்டும் புள்ளிக்கோட்டை வீடுகளுக்கு நடுவில் கொண்டுபோய்ப் போட்டிருந்தாள். வாயாடி என்று எல்லாரும் கூப்பிடுகிற பெண். அந்த வளைவில் இருக்கிற இருபத்திரண்டு வீட்டுத் தெருவிலிருந்து வருகிறவள்.

‘இது என்ன கணக்கு?’ என்று டீச்சர் கேட்டாள்.

‘கணக்கு இல்ல டீச்சர். எங்க வீட்டுக் கக்கூஸ் போன மழையில ஆத்தோட போயிடுச்சு. அதான் அதுக்கு இந்தப் பக்கமா போட்டேன்.’

வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. டீச்சருக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அடக்கிக்கொண்டாள். ‘படத்தைப் பாத்து வரையச் சொன்னா வீட்டுக் கதை பேசுறியா? உக்காரு’ என்று சொல்லி அவள் தாளில் முட்டை போட்டாள்.

அந்த வாரமே தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினார். பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் வருகிறதாம், அதே வளைவில், அந்தத் தெருவை ஒட்டின மனையில். ‘ஆத்தோரமாச்சே, சரிப்படுமான்னு மேல கேக்குறாங்க. உங்க பிள்ளைங்க போட்ட படத்தைக் கொடுங்க டீச்சர். மாணவர்களே ஆராய்ஞ்சாங்கன்னா அதுக்கு ஒரு கௌரவம் இருக்குல்ல?’ என்றார். டீச்சருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இருபத்தாறு வருடத்தில் அவள் ஜன்னலை ஒரு ஆபீஸ் மதித்தது அதுதான் முதல் தடவை. ‘அடுத்த பத்து ஆண்டுகளில் மாற்றம் இருக்காது’ என்று தாளின் அடியில் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டாள். முன்னூறு பிள்ளைகள் உட்காரப் போகிற கட்டடம் அந்தக் கையெழுத்தின் மேல் நிற்கப் போகிறது.

வாயாடி மூன்று நாளாக வரவில்லை. நான்காம் நாள் சாயங்காலம் டீச்சர் தெருவைத் தேடிப் போனாள். வீட்டில் சட்டி பானை எல்லாம் வாசலில் கிடந்தது. பின்கட்டுச் சுவர் பிளந்து, அந்த வழியாக ஆறு தெரிந்தது. படத்தின்படி அந்த வீட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு விளையாட்டு மைதானம் அளவுக்கு இடம் இருக்க வேண்டும். டீச்சர் எட்டிப் பார்த்தாள். காலடி மண் கொஞ்சம் உதிர்ந்து தண்ணீரில் விழுந்தது. பாறையும் இல்லை, திட்டும் இல்லை. பள்ளிக்கூட மனையின் முதல் எல்லைக்கல், தலை மட்டும் வெளியே தெரிய, கரையிலிருந்து பன்னிரண்டடி தள்ளித் தண்ணீரில் நின்றது.

‘நீதான் சரியா போட்டிருக்கே. மார்க்கைத் திருத்திடுறேன்’ என்று டீச்சர் வாயாடியிடம் சொன்னாள். சொல்லும்போதே நாக்கு கூசியது.

‘மார்க்க வெச்சு சுவரா எழுப்ப முடியும் டீச்சர்? போங்க, வேலை கிடக்கு’ என்றாள் பெண்ணின் அம்மா. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டீச்சர் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நீலப் படத்தையும் சிவப்புப் படத்தையும் ஜன்னலில் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தாள். ஊரிலுள்ள சந்து பொந்து எல்லாம் அச்சாகப் பொருந்தியது. அந்த மணல் திட்டுக்கு நேர் கீழே, பழைய படத்தில், மங்கலாக ஒரு வட்டக் கறை இருந்தது. யாரோ டீ கிளாஸை வைத்த கறை. அதையும் விடாமல் கோடு எடுத்து, உள்ளே மணலுக்கு உண்டான புள்ளிகளையும் அழகாக வைத்திருந்தார் அந்த மகானுபாவர். சிவப்புப் படத்தின் மூலையில் ‘வரைந்தவர்’ என்ற இடத்தில் இருந்த கையெழுத்தை டீச்சர் வீட்டு ரேஷன் அட்டையிலும் பார்த்திருக்கிறாள்.

‘என்னங்க, இங்க வாங்க. இது என்ன?’

வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ‘திட்டு’ என்றார்.

‘டீக்கறைங்க அது! டீக்கறைக்கு மண்ணு போட்டு வெச்சிருக்கீங்க. ஆத்தங்கரைக்கு ஒரு நாளாவது போனீங்களா?’

‘கத்தாதே. ஆறு பேர் பாக்குற வேலைய நான் ஒருத்தன் பாக்குறேன். ஜீப்பு கிடையாது, ஆளு கிடையாது. பழைய ஷீட்ட அடியில வெச்சு எடுக்கணும், தேதிய மாத்தணும், வடக்கு அம்பைப் புதுசா போடணும். எனக்கு முன்னாடி இருந்தவரும் அப்படித்தான் பண்ணாரு. யாரு கேட்டா இப்போ?’

‘நான் கேக்குறேன். அங்க ஸ்கூல் வரப் போகுது.’

‘எட்டு மாசத்துல எனக்கு ரிடையர்மென்ட்டு. இது வெளிய போச்சுன்னா பென்ஷன் இல்ல, மானம் இல்ல. அது எனக்கு மட்டும் போகாது, உனக்கும் சேத்துத்தான்.’

டீச்சர் அவர் விரல்களைப் பார்த்தாள். சுத்தமான விரல்கள், நகத்தில் ஒரு பொட்டு மை கிடையாது. அழுக்கே படாமல் இத்தனை அழுக்கு செய்ய முடியும் என்பது அவளுக்கு இத்தனை வருடம் தெரியாமல் போய்விட்டது. ‘சீ’ என்றாள். அன்றிலிருந்து அவருக்குக் கூடத்தில் தட்டு, அவளுக்கு அடுக்களையில் தட்டு. ஆனால் அவரைவிட அதிகமாக அவளுக்குத் தன் மேல்தான் குமட்டியது. அவர் டீக்கறையை வரைந்தார், அவ்வளவுதான். அதற்கு அடியில் பாறையைக் கொண்டுபோய் வைத்தது யார்?

மறுநாள் தலைமையாசிரியரிடம் போய்த் தாளைத் திருப்பிக் கேட்டாள். ‘ஃபைல் போயாச்சு டீச்சர். நீங்க கையெழுத்துப் போட்டது. சர்க்கார் படம் ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்றீங்க. நான் யாரை நம்பறது? இன்ஜினியர் வர்றாரு, அவர்கிட்ட பேசிக்குங்க’ என்று அவர் கையைக் கழுவினார். டீச்சர் வகுப்பைக் கூட்டிக்கொண்டு கயிறோடு வளைவுக்குப் போனாள். பிள்ளைகள் அடி அடியாக அளந்து புதுத் தாள் போட்டார்கள். மனையின் ஒரு ஓரம் ஏற்கெனவே ஆற்றுக்குள் இருந்தது. மீதி மனைக்கும் பத்து வருடத்துக்கு மேல் ஆயுசு இல்லை.

இன்ஜினியர் வருகிறதற்கு முந்தின நாள் நல்ல மழை, ஆற்றில் தண்ணீர் ஏறியிருந்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் கால்சட்டை ஓரமெல்லாம் சிமென்ட்டோடு வந்தார். ‘என்னங்க இது?’ என்று கேட்டதற்கு ‘ஆபீஸ்ல பூச்சு வேலை’ என்றார். டீச்சர் துவைத்துப் பார்த்தாள், போகவில்லை.

காலையில் மனையில் ஒரு கூட்டம் நின்றது. இன்ஜினியர், தலைமையாசிரியர், ஆபீஸ் அளவுச் சங்கிலியோடு எல்லை காட்ட வந்த வீட்டுக்காரர், ஒரு பக்கம் டீச்சரும் வகுப்புப் பிள்ளைகளும். மனையின் முதல் எல்லைக்கல் ஜம்மென்று தண்ணீருக்கு எட்டாத தரையில் நின்றது. அதிலிருந்து கரைக்கு அளந்தார்கள். நூற்றைம்பது அடி. படத்திலும் நூற்றைம்பது அடி. படத்தைத் திருத்தச் சொன்னால் மனுஷன் பூமியைத் திருத்திவிட்டு வந்திருக்கிறார். இந்தப் பிழைப்புக்கு என்ன பெயர் சொல்வது?

‘படம் கரெக்டா இருக்கே. அப்புறம் என்ன பிரச்சினை?’ என்றார் இன்ஜினியர்.

‘இந்தக் கல்லு போன வாரம் இங்க இல்ல சார், அங்க இருந்துச்சு’ என்று வாயாடி ஆற்றைக் காட்டினாள். அவள் காட்டின இடத்தில் கலங்கல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

‘சின்னப் பிள்ளைங்க சார், ஏதோ சொல்லும்’ என்றார் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு டீச்சரைப் பார்த்தார். அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

எட்டு மாதம், பென்ஷன், நாளைக்குக் கடைத்தெருவில் நாலு பேர் பேசப் போகிற பேச்சு, எல்லாம் டீச்சருக்கு ஞாபகம் வந்தது. தன்னுடைய மாணவி பொய் சொல்கிறாள் என்று அவர் சொன்னதும் காதில் இருந்தது.

‘அடியில தோண்டிப் பாருங்க சார், சிமென்ட்டு இன்னும் ஈரமா இருக்கும். அதை நட்டவர் இவர்தான், என் வீட்டுக்காரர். அந்தப் படத்தை வரைஞ்சவரும் இவரே. இதுல பாறை இருக்குன்னு பொய்ப் பாடம் நடத்திக் கையெழுத்துப் போட்டவ நான்’ என்றாள்.

பள்ளிக்கூடத்து ப்யூன் கடப்பாரையால் ஒரு நெம்பு நெம்பினார். கல் சாய்ந்துவிட்டது. அடியில் சிமென்ட் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். ஒரு மாதம் கழித்து உத்தரவு வந்தது. ‘மாணவர்களின் பாதுகாப்பைக் கருதி’ கட்டடம் மேட்டுப் பக்கத்துக்கு மாற்றப்படுகிறது என்று தலைமையாசிரியர் பிரார்த்தனைக் கூட்டத்தில் வாசித்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள். டீச்சர் அந்தத் தாளை வாங்கி இரண்டு முறை படித்தாள். தெருவைப் பற்றி ஒரு வரி இல்லை.

‘சார், அந்த இருபத்திரண்டு வீடு?’

‘அது வேற ஷீட்டு டீச்சர். நம்ம மனை இருக்கிற ஷீட்டைத்தான் திருத்தச் சொல்லி உத்தரவு, திருத்திட்டாங்க. தெரு பக்கத்து ஷீட்டுல வருது. அதுல ஆறு இன்னும் பழைய இடத்துலதான் இருக்கு. அதனால அவங்களுக்கு ஆபத்து இல்லன்னு அர்த்தம்’ என்றார் தலைமையாசிரியர். அதைச் சொல்லும்போது அவர் முகம் மாறவே இல்லை.

இரண்டு ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஆறு ஓரத்தில் வந்து நூற்றைம்பது அடி எகிறிக் குதித்து மறுபடி ஓடுகிறது. குரங்குகூட அப்படிக் குதிக்காது. அதற்கு முத்திரையும் குத்தி மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். டீச்சருக்கு அந்தத் தாளின் மேல் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

வகுப்பில் எல்லாரும் போன பிறகு வாயாடி மட்டும் மேஜை அருகில் வந்து நின்றாள்.

‘டீச்சர், புது ஸ்கூல் மேட்டுலதானே வருது? அங்க ஆறு வராதில்ல?’

‘வராதும்மா.’

‘அப்போ பகல்ல எங்களுக்கு ஒண்ணும் ஆகாது.’

‘ஆகாது.’

‘மணி அடிச்சப்புறம் நாங்க எங்க போறது டீச்சர்?’

பிள்ளை பையைக் கீழே வைத்துவிட்டு, டீச்சர் பதில் சொல்வாள் என்று நின்றுகொண்டிருந்தாள்.