பெபி தண்ணீருக்குப் போன கதை

என் தங்கை பெபிக்கு நாற்பத்தொரு வயது. இரண்டு வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப் போனது. தொடையிலிருந்து பாதம் வரை இரும்பும் தோல்வாரும் வைத்த காலிபர், கையில் ஒரு ஊன்றுகோல், ஊர் சுற்ற சைடு வீல் வைத்த ஸ்கூட்டி. திருத்தணியில் ஒரு இ-சேவை மையத்தில் உட்கார்ந்து ஊர்ச்சனத்துக்கெல்லாம் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் என்று விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறாள். அவளைப் பார்த்து யாராவது 'ஐயோ பாவம்' என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் கோபக்காரன். நேசகுமார் வாயைக் கிளறாதே என்று ஊரே சொல்லும்.

எங்கள் சபையில் மே மாதம் பிள்ளைகளின் விடுமுறை வேதப்பள்ளி முடிந்ததும், ஒரு நாள் பஸ் பிடித்து வாட்டர் பார்க் போவது வழக்கம். பேர் எழுதுவது, பஸ் பேசுவது, சாப்பாட்டுக்குச் சொல்வது எல்லாம் பெபிதான். ஆனால் பார்க்குக்குள் போனதும் அவளுக்கு ஒரே வேலை. நிழலில் ஒரு பெஞ்ச் பார்த்து உட்கார வைத்து, செருப்பு, செல்போன், மூக்குக் கண்ணாடி, பல்செட் வரைக்கும் அவள் மடியில் கொட்டிவிட்டு எல்லோரும் தண்ணீரில் குதித்துவிடுவார்கள். பதினோரு வருடம் இப்படி. "பெபி இருக்கிறதால நமக்கு பயமில்லப்பா" என்பார் சபைச் செயலாளர் ஜெபரத்தினம்.

இந்த வருடம் அவள் பஜாரில் ஒரு நைலான் டிரஸ் வாங்கி வந்தாள். "ண்ணா, இந்த வாட்டி நானும் அலைக்குளத்துல எறங்கப் போறேன்" என்றாள். சின்ன வயதில் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பயிற்சிக்காக அவளைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவார்கள். மார்பளவு தண்ணீரில் காலிபர் இல்லாமலே நடப்பாள். பத்து வயதில் அது நின்றுபோனது. அதற்குப் பிறகு முப்பத்தொரு வருடமாக இரும்பில்லாமல் அவள் ஓர் அடி எடுத்து வைத்ததில்லை.

"தண்ணியில கால் கனமே தெரியாதுண்ணா. ஒரே ஒரு வாட்டி நடந்து பாத்துட்டா போதும்."

"ஆங், நடக்கலாம். எவன் தடுக்கிறான்னு நானும் பாக்கறேன்" என்றேன்.

தடுக்காதவன் யார் என்று கேளுங்கள். பார்க் சென்னை போகிற வழியில் இருக்கிறது. பேர் சொல்ல மாட்டேன், ஓசி விளம்பரம் எதற்கு. வாசலில் எல்லோர் கையிலும் நீலப் பட்டை கட்டினார்கள். பெபிக்கு மட்டும் மஞ்சள். மஞ்சள் என்றால் வேடிக்கை மட்டும்தான் பார்க்கலாம். யார் சொல்லி இது என்று பாய்ந்தேன். ஜெபரத்தினம் நெளிந்தார். "நான்தான்ப்பா. பாவம், பெபிக்கு எதுக்கு சிரமம்னு..." அவர் கெட்டவரில்லை. அதுதான் எரிச்சலே. கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டி முடித்துவிடலாம்.

கத்திக் கத்திப் பட்டையை மாற்றினேன். அலைக்குளத்தில் விசில் மாட்டியவன் அடுத்து நின்றான். காலிபரோடு இறங்கக் கூடாதாம், டைல்ஸ் கீறுமாம். சரி, கழற்றிவிடுகிறோம், ஒரு வீல்சேர் கொடு. வீல்சேர் வாசலோடு சரியாம், ஈரத்தில் வரக் கூடாதாம். பிடித்துக்கொண்டு போகக் கம்பி இருக்கிறதா? இல்லை. "அப்ப பறந்து வரணுமாய்யா?" என்றேன். மேனேஜரைப் பாருங்க சார் என்றான்.

மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். கார்டியன் கையெழுத்து வேண்டுமாம்.

"நாப்பத்தோரு வயசு பொம்பளைக்கு கார்டியனா? உங்கம்மா எங்கனா போனா நீ கையெழுத்து போட்டா அனுப்பற?"

"சும்மா இருண்ணா" என்று பெபி தாளை வாங்கினாள். தினம் நூறு விண்ணப்பம் பார்க்கிறவள். கார்டியன் என்று இருந்த இடத்தை ஒரே கோடாக அடித்துவிட்டு, கீழே தன் கையெழுத்தைப் போட்டுத் தேதியும் எழுதி நீட்டினாள். மேனேஜர் முழித்தார். பிறகு, கூட ஒரு பெண் லைஃப்கார்டு இருந்தால்தான் இறங்கலாம், அவர் சாப்பிடப் போயிருக்கிறார், வந்ததும் அனுப்புகிறேன் என்றார்.

பன்னிரண்டு மணிக்குச் சாப்பிடப் போன அந்த அம்மா மூன்றரை ஆகியும் வரவில்லை. என்ன விருந்தோ! மணிக்கொரு தரம் சைரன் ஊதி அலை விடுவார்கள். ஒவ்வொரு சைரனுக்கும் பெபி நைலான் டிரஸ்ஸோடு பெஞ்சில் நிமிர்ந்து உட்காருவாள். பிறகு அலை நின்றுவிடும். இதற்கிடையில் 'சும்மாதான இருக்க, கொஞ்சம் பாத்துக்கோ' என்று ஒவ்வொன்றாகப் பைகள் மறுபடியும் சேர்ந்துவிட்டன. சொன்னால் வெட்கக்கேடு, என் மனைவி சுஜாவின் பையும் அதில் இருந்தது.

நான்கு மணிக்குக் கடைசி அலை. நான் மறுபடியும் ஆபீசுக்கு ஓடி மேனேஜரின் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தேன். சைரன் கேட்டது. கூடவே ஜெபரத்தினத்தின் குரலும் கேட்டது.

"ஐயையோ, பெபி வுழுந்துட்டா! ஓடியாங்க!"

விழுந்தடித்து ஓடினேன். குளத்தோரம் ஈரத் தரையில் பெபி இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு இருந்தாள். காலிபர் பெஞ்சில் சாய்த்து வைத்திருந்தது, வார்களெல்லாம் அழகாகச் சுருட்டியபடி. அதை என் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் மரமண்டைக்கு ஏறவில்லை. ஜெபரத்தினம் ஒரு தோள், நான் ஒரு தோள், இன்னும் இரண்டு பேர் கால்கள் என்று அவளைத் தூக்கினோம்.

"வுடுங்க! வுடுங்கன்றேன்!" என்று கத்தினாள். வலியில் கத்துகிறாள் என்று இன்னும் இறுக்கிப் பிடித்தோம். பெஞ்சில் கொண்டுவந்து வைத்ததும் சுஜா முழங்காலில் தைலம் தேய்த்தாள். ஜெபரத்தினம் கண்ணை மூடி நீளமாக ஜெபம் பண்ணினார். எல்லோரும் சுற்றி நின்று ஆமென் சொன்னபோது அலை நின்றுவிட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பெபி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதபடியே வந்தாள். அடி பலம்போல என்று நினைத்தேன். வீட்டில் எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். "போண்ணா" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

எங்கள் சபையில் யாராவது ஆபத்திலிருந்து தப்பினால் ஒரு கவரில் ஸ்தோத்திரக் காணிக்கை போடுவோம். மேலே காரணத்தை எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை செயலாளர் அதை மைக்கில் வாசிப்பார். தப்பினவர் முன்னே போய் நின்று ஜெபம் வாங்கிக்கொள்வார். பைக்கிலிருந்து விழுந்து எழுந்தவன், பாம்பு கடித்துப் பிழைத்தவன் எல்லோரும் போட்டிருக்கிறார்கள். பெபி பேரில் நான் போட்டேன். அவளிடம் சொல்லவில்லை.

"வாட்டர் பார்க்கில் தவறி விழுந்தும் எலும்பு முறியாமல் சகோதரி பெபியைப் பாதுகாத்த கர்த்தருக்கு, அண்ணன் நேசகுமார் குடும்பத்தார் செலுத்தும் ஸ்தோத்திரக் காணிக்கை" என்று ஜெபரத்தினம் வாசித்தார்.

பெபி எழுந்தாள். காலிபர் சத்தத்தோடு முன்னே போனாள். தலையைக் குனிந்து நிற்பாள் என்று பார்த்தால், ஜெபரத்தினத்தின் கையிலிருந்து மைக்கை வாங்கிவிட்டாள்.

"நான் வுழல" என்றாள். "அந்தம்மா வரல, நீங்க யாரும் வரல. அலை ஆரம்பிச்சிடுச்சி. அதனால நானே இரும்ப கழட்டி வெச்சிட்டு, தரையில உக்காந்து நவுந்து நவுந்து போய்கினு இருந்தேன். இன்னும் ரெண்டு கை தூரந்தான். தண்ணி என் வெரல்ல பட்டுச்சி. அப்பதான் நாலு பேரும் என்ன தூக்கிகினு வந்துட்டீங்க."

பின்வரிசையில் யாரோ ஒருவர் பழக்கதோஷத்தில் "ஸ்தோத்திரம்" என்றார். ஜெபரத்தினத்தின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. என் முகம் எப்படி இருந்ததோ.

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஏண்ணா, தூக்கறதுக்கு முன்னால என்னாச்சின்னு ஒரு வார்த்த கேட்டியா?"

வாசலில் பட்டை கட்டினவளிலிருந்து மேனேஜர் வரைக்கும் அன்றைக்கு நான் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேள்வி கேட்காத ஆளில்லை. அவளை மட்டும் கேட்கவில்லை.