இறக்கத்தில் கீன்லேயின் சோபா

ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க்கிலிருந்து உளியும் இழைப்புளியுமாகக் கப்பலேறி வந்த அன்செல்ம் கீன்லே, அமெரிக்காவின் சின்சினாட்டியில் பட்டறை போட்டு 1886-இல் பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. மனைவி வால்புர்கா மெத்தை தைப்பாள். மகன் ஓய்கன் மரம் இழைப்பான். கீன்லே செய்த அலமாரியை நகர்த்த நாலு ஆள் வேண்டும். அதுதான் அவருக்குப் பெருமை.

"அடியில கூட்ட முடியலன்னு வாங்கினவங்கல்லாம் என்கிட்ட புலம்புறாங்க. சக்கரம் வைங்களேன்" என்பாள் வால்புர்கா.

"வீட்டுச் சாமானா, தள்ளுவண்டியா? போடி!"

பீர் ஆலைக்காரர் வீட்டுக்குப் பெரிய சோபா தயாரானபோது, அவள் அவருக்குத் தெரியாமல் அதன் கால்களில் நாலு பித்தளைச் சக்கரங்களைப் பொருத்தி, தொங்கும் குஞ்சங்களால் மறைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை மேட்டுத் தெருவில் அந்த வீட்டு வாசலில் சோபாவை வண்டியிலிருந்து இறக்கினார்கள். மூச்சு வாங்கிய கீன்லே அதிலேயே சாய்ந்து உட்கார்ந்தார். சோபா மெல்ல நகர்ந்தது.

"டேய் ஓய்கன், தள்ளாதடா!"

"நான் தொடவே இல்லப்பா!"

"ஐயோ, குதிங்க!" என்று வால்புர்கா கத்துவதற்குள் சோபா இறக்கத்தைப் பிடித்துவிட்டது. தொப்பி பறந்தது. கோழிகள் சிதறின. முதல் திருப்பம்வரை செத்தோம் என்றே நினைத்தார் கீன்லே. அதைத் தாண்டியதும் வயிற்றுக்குள் யாரோ கிச்சுகிச்சு மூட்டியது போலிருந்தது. ஐம்பத்திரண்டு வயது மனிதர் வாய்விட்டுச் சிரிக்கத் தொடங்கினார்.

ரொட்டிக் கடைக்கார அம்மாள் வாசலுக்கு ஓடி வந்தாள். "கீன்லே! எங்கய்யா போறீங்க?"

"தெரியலம்மா! சோபாவைக் கேளுங்க!"

அடிவாரத்துக் குதிரை லாயத்தின் வைக்கோல் குவியலில் போய்ப் புதைந்தது சோபா. வால்புர்கா அலறியடித்து ஓடி வந்தாள், பின்னாலேயே ஓய்கன். வைக்கோலுக்குள்ளிருந்து முதலில் மீசை எட்டிப் பார்த்தது.

"அடி பட்டுச்சா?"

"எனக்கா, சோபாவுக்கா?" கீன்லே சோபாவின் கால்களைத் தட்டிப் பார்த்தார். "ஒரு மூட்டுகூட அசையலடி!"

கூடியவர்களும் தட்டிப் பார்த்தார்கள். அங்கேயே மூன்று பேர் சோபா செய்யச் சொன்னார்கள். மூவருக்கும் சக்கரம் வேண்டுமாம்.

கீன்லே குஞ்சத்தை விலக்கிப் பார்த்தார். "இந்தச் சக்கரத்தை வச்சது யாரு?"

"நான்தான். திட்டுறதுன்னா வீட்ல போய்த் திட்டுங்க."

அவர் திட்டவில்லை. அப்பா, அம்மா, மகன் மூவருமாகச் சோபாவை மேலே இழுத்துப் போனார்கள். பீர் ஆலைக்காரர் வாசலில் கீன்லே நின்றார். இறக்கத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"ஏறி உக்காரு."

"பைத்தியமா உங்களுக்கு?" என்றவள் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஓய்கன் கண்ணை இறுக மூடிக்கொண்டு தள்ளினான்.

பீர் ஆலைக்காரருக்குச் சோபா சாயங்காலம்தான் கிடைத்தது.