கேபிள் என் கையில் இருந்தது

சாத்தான்குளத்தில் பிறந்தவன் பேய்க்குப் பயந்தால் ஊர்ப் பெயருக்கே மரியாதை போய்விடும் என்று கிண்டலடித்துத் திரிந்தவன் நான். தூத்துக்குடியில் கம்ப்யூட்டர் நெட்வொர்க் சர்வீஸ் பண்ணுகிறேன். ஒயர் சரியாக இருந்தால் வேலை செய்யும், இல்லாவிட்டால் செய்யாது, எனக்குத் தெரிந்த தத்துவம் அவ்வளவுதான். நீங்கள் சிரிப்பீர்கள். பரவாயில்லை, சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

எனக்கு வாடிக்கையான ஒரு கப்பல் ஏஜென்சிக்கு டவுனில் ஒரு ஆபீஸ், ஹார்பர் பக்கம் ஒரு ஆபீஸ். இரண்டையும் வி.பி.என். போட்டு ஒரே ஆபீஸ் மாதிரி இணைத்தது நான்தான். டவுனில் ஜெசிந்தா பிரிண்ட் கொடுப்பாள், ஹார்பரில் அவள் புருஷன் அந்தோணி எடுப்பான். மதியமானால் ஒரு தாளில் ‘சாப்பிட்டாச்சா?’ என்று மட்டும் அடித்து அனுப்புவாள். ஃபோனில் கேட்டால் பக்கத்து கேபினில் இருக்கும் முதலாளி காதில் விழுமாம். சாப்பிட்டிருந்தால் அவன் லேண்ட்லைனில் ஒரு ரிங் விட்டு வைத்துவிடுவான், இல்லையென்றால் இரண்டு. பிரிண்ட் வரும்வரை மேஜையில் கிடக்கும் சங்கைக் கையில் உருட்டிக்கொண்டிருப்பான், கதவு திறந்தால் கடல்காற்று தாளை அள்ளிவிடும் என்று வந்த தாள் மேல் அதே சங்கை வைப்பான்.

அந்த நாற்காலியிலேயே ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். அதன்பிறகு ஜெசிந்தா அந்தப் படியை மிதிக்கவில்லை. சில மாதம் பூட்டிக் கிடந்த ஆபீசைத் திறந்தபோது, டவுனிலிருந்து கொடுத்த பிரிண்ட் எதுவும் அங்கே வரவில்லை. முதலாளி ஜெசிந்தாவிடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

“இன்னைக்குள்ள சரியாகலன்னா நீயே அங்கன போய் உக்காரணும்மா. முடியாதுன்னா நான் வேற ஆளப் பாத்துக்கிடுதேன்.”

“எப்படியாவது சரி பண்ணிருங்கண்ணே,” என்றாள் என்னிடம். “அந்த நாற்காலிய என்னால பாக்க முடியாது. வேலையும் போச்சுன்னா புள்ளய எப்படிப் படிக்க வைப்பேன்?”

ஹார்பர் ஆபீசில் மதியத்திலிருந்து மல்லுக்கட்டினேன். வி.பி.என். ஓடுகிறது, ரூட்டர் நன்றாக இருக்கிறது, பிரிண்டர் மட்டும் செத்தமாதிரி கிடக்கிறது. கடைசியில் பார்த்தால் பிரிண்டர் கேபிளின் முனை உப்புக்காற்றில் பச்சைக் களிம்பு பிடித்துப் போயிருந்தது. அந்தப் பிரிண்டருக்கு வைஃபையும் கிடையாது. கேபிளை இரண்டு பக்கமும் பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டேன். உள்ளே சிக்னல் கிடைக்காது, அதனால் வாசலில் நின்று ஜெசிந்தாவைக் கூப்பிட்டேன்.

“பழைய பிரிண்டையெல்லாம் கேன்சல் பண்ணு. புது கேபிள் வாங்கியாரேன்.”

“ஐயோ, இப்பத்தானே ஒரு டெஸ்ட் அனுப்புனேன்.”

“அது எப்படி வரும்? கேபிள் என் கையில இருக்கு.”

அப்போது என் ஃபோன் வழியாகவே கேட்டது, அவள் மேஜை லேண்ட்லைன் ஒரு தடவை அடித்து நின்றது.

“அண்ணே,” என்றாள், “உள்ள போய்ப் பாருங்க. வந்திருக்கும்.”

நம்பினால் நம்புங்கள், அதுவரை வாசலை விட்டு நான் நகரவில்லை, ஆபீசுக்குள் நுழைய வேறு வழியும் கிடையாது. உள்ளே போனேன். மேஜையில் ஒரு தாள் இருந்தது, மேலே சங்கு. சங்கை எடுத்துவிட்டுப் படித்தேன். ‘சாப்பிட்டாச்சா?’ அங்கிருந்த லேண்ட்லைனை அவன் போன கையோடு டெலிபோன் ஆபீசில் திருப்பி ஒப்படைத்துவிட்டார்கள், சுவரில் வெறும் ஒயர்தான் தொங்கியது. பயமாக இருந்தது என்று சொன்னால் பொய். அழுகைதான் வந்தது.

அதைவிட ஒன்று. ஏசியில் அறை சில்லிட்டுக் கிடந்தது, சங்கு மட்டும் வெதுவெதுவென்று இருந்தது. அதை யாரிடமும் சொல்லாமல், சங்கைத் தாள் மேலேயே வைத்துவிட்டு, கடைக்குப் போய்ப் புது கேபிள் வாங்கி வந்து மாட்டினேன். பிரிண்ட் ஒழுங்காக வந்தது. முதலாளி கேட்டது நடந்துவிட்டது, அவள் இனி அங்கே வரவேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் பொழுது சாயும்முன் ஆட்டோவில் வந்து இறங்கினாள். நேராக உள்ளே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“இனி நான் இங்கனயே இருந்துக்கிடுதேன்ணே,” என்றாள்.

பிறகு சங்கை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

“இன்னும் ஆறலண்ணே,” என்றாள்.