சங்கரபாண்டியன் அண்ணாச்சி ஏன் அடித்தார்

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். பனவடலிசத்திரம் சங்கரபாண்டியன் அண்ணாச்சி இறந்த செய்தி நம் சங்கரன்கோவில் முகநூல் குழுவில்தான் எனக்குத் தெரிந்தது. கீழே ஒருவர் எழுதியிருந்தார்: 'நல்ல மனுஷன்தான், அதிகாரியை அடித்து வேலையைத் தொலைத்தவர்.' அடித்தார், உண்மை. நான் பக்கத்தில் நின்றேன்.

ஆறு கடலில் சேரும் இடத்தில் பாலம் வேலை. அவர் சர்வேயர், நான் உதவிப் பொறியாளர். வந்த அன்றே ஆறு பின்னோக்கி ஓடுவதைப் பார்த்து, "ஏலே, நம்மூர்ல தண்ணி வாரதே அதிசயம். இங்கன போன தண்ணி திரும்பில்லா வருது" என்றார்.

கடல் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் துறைமுகத்தின் ஓத அட்டவணை ஆற்றுக்குள் பொருந்தவில்லை. ஆற்றில் இறங்கி மட்டிச் சிப்பி பொறுக்கும் பெண்களிடம் கேட்டார். மேல் தண்ணீர் கடலுக்கு ஓடும்போதே அடியில் உப்புத் தண்ணீர் உள்ளே நுழைந்துவிடும். இடுப்பளவு நீரில் நிற்பவளுக்குப் பாதத்தில் முதலில் தெரியும். சொன்னதையெல்லாம் அளந்து பார்த்தார். அணை திறந்த நாளில் உங்கள் கணக்கும் தப்புகிறது என்று அவர்களிடமே சொல்லி வசவும் வாங்கினார்.

அன்று கொண்டல் காற்று. கடலிலிருந்து அடித்து, இறங்கும் தண்ணீரை வெளியேற விடாது. தூண் குழிக்குள் இரண்டு பேர், சுற்றிலும் மணல்மூட்டைகள். மட்டிக்காரி ஒருத்தி கரையேறி வந்து, "காலுக்கு ஏறுது அண்ணாச்சி. ஆள மேல கூப்பிடுங்க" என்றாள். அவர் தானே இறங்கி நின்று பார்த்துவிட்டு எங்கள் மேலதிகாரியிடம் ஓடினார். அட்டவணைப்படி தண்ணீர் இன்னும் இறங்கும் என்றான் அவன். ஏறினால் கூலி கிடையாது என்று குழிக்குள் கத்தினான். பிறகு இவரைப் பார்த்து, "மட்டி பொறுக்குதவ சொல்லித்தான் பாலம் கட்டணுமா வே?" என்றான்.

அண்ணாச்சி கையிலிருந்த அளவுகோலால் முகத்தில் அடித்தார். மூக்கு உடைந்தது. கீழே தள்ளி நெஞ்சில் முழங்காலை ஊன்றிக் குத்தினார். பல் ஒன்று தெறித்து விழுந்தது. விலக்கிவிடுவதற்காகக் குழியிலிருந்த இருவரும் ஏறி ஓடிவந்தார்கள். அவர்கள் அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் மூட்டைகள் சரிந்தன. குழி இருந்த இடத்தில் தண்ணீர் சுழன்றது.

யாரும் சாகவில்லை. அதனாலேயே அது வெறும் அடிதடியாகிவிட்டது. விசாரணையில் என்னைப் பேசவே விடவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் அவர் வலது கையை முறித்தார்கள். "நீ இனி பேசாதலே, உன் வேலையாவது இருக்கட்டும்" என்று அண்ணாச்சிதான் என்னிடம் சொன்னார். அவர் இருக்கும்வரை அதற்குக் கட்டுப்பட்டேன்.

செய்தி பார்த்ததும் சாவுக்குப் போனேன்; அந்த அதிகாரியும் மாலை அனுப்பியிருந்தான். அதைப் பிய்த்துச் சாக்கடையில் எறிந்தவன் நான்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கோபம் ஒன்றுதான். அதை விடமாட்டேன். பெயர் போட்டால், பதவி உயர்வு கிடைக்காதவனின் வயிற்றெரிச்சல் என்று என்னைப் பற்றிப் பேசிவிட்டு அவரை விட்டுவிடுவீர்கள். ஆகவே பெயர் போடாமலே பதிவிடுகிறேன்.