கயிற்றின் மறுமுனை

பத்தொன்பது நிமிடம். பகல் இரண்டு பத்துக்கு ஷட்டர் விழுந்தது. இரண்டு இருபத்தொன்பதுக்குத் திறந்தது. இடையில் நடந்ததைச் சொன்னால், பயத்தில் மயக்கம் வந்திருக்கும் என்கிறார்கள். எனக்கு மயக்கம் வரவில்லை. நான் இயற்பியல் படித்தவள், பேய் பிசாசை நம்பாதவள். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

என் அண்ணன் சுவர் வெட்டும் வேலை செய்கிறான். பழைய கட்டடத்தில் புதுக் கதவு வைக்க வேண்டுமென்றால், வெட்டு டிஸ்க் சுற்றும் கை கிரைண்டரால் கோடு போட்டு வெட்டித் தருவான். எனக்கு வேலை கிடைக்கும்வரை அவனுக்கு எடுபிடி நான்தான். டிஸ்க் சுவரைத் தொடும் இடத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கான்கிரீட் தூள் புகையாய்க் கிளம்பி நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தண்ணீர் இல்லாமல் அண்ணன் ஓர் அங்குலம்கூட வெட்ட மாட்டான்.

காதில் அடைப்பான், முகத்தில் மாஸ்க். தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் இருவர் இடுப்பிலும் ஒரே கயிற்றைக் கட்டிக்கொள்வோம். ஓர் இழுப்பு என்றால் நிறுத்து. இரண்டு என்றால் வெட்டு. மூன்று என்றால் ஆபத்து, உடனே வா. வேலை முடியும்வரை யாரும் அவிழ்க்கக் கூடாது.

ஷட்டர் விழுந்த நாளுக்கு முந்தின நாள் எங்கள் கயிறு அறுந்துவிட்டது. அன்றைக்கு அண்ணன் வேறொன்று வைத்திருந்தான். நீலம் வெளுத்த பழைய நைலான் கயிறு.

"இது ஏதுண்ணா?"

"கெடச்சுது. ஆராய்ச்சி பண்ணாம கட்டு, விஞ்ஞானி."

அது ஒரு பழைய கட்டடத்தின் அடித்தள அறை. ஜன்னல் கிடையாது. உள்ளே வர ஒரே வழி, இரும்பு ஷட்டர். சுவரில் அரை விரல் ஆழத்துக்கு முதல் கோடு இழுத்ததுமே தண்ணீர் தீர்ந்துவிட்டது.

அண்ணன் கிரைண்டரின் பிளக்கைப் பிடுங்கி என் கையில் கொடுத்தான். எப்போதும் அப்படித்தான் செய்வான். பிறகு தன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துச் சுவரோரம் போட்டான்.

"அவுக்கக் கூடாதுன்னு நீதானே சொல்லுவ?"

"கயித்தோட மாடி ஏறணுமா? நான் என்ன கன்னுக்குட்டியா? இதோ வந்துடுறேன்."

அவன் படியேறிய சத்தம் தேய்ந்தது. ஷட்டருக்கு முட்டுக் கொடுத்திருந்த செங்கல் நொறுங்கியது. தடால்.

இரண்டு பத்து.

தூக்கிப் பார்த்தேன். அசையவில்லை. தட்டினேன், கூப்பிட்டேன். பேட்டரி விளக்கு ஒன்று மட்டும் எரிந்தது. எப்படியும் வந்துவிடுவான் என்று உட்கார்ந்தேன்.

இரண்டு பதினாறு. கிரைண்டர் ஓடத் தொடங்கியது.

வ்வ்ர்ர்ரீஈஈ...

எங்கள் மெஷின் தரையில் சும்மா கிடந்தது. டிஸ்க் சுற்றவில்லை. பிளக் என் கையில் இருந்தது. சத்தம் சுவருக்குள்ளிருந்து வந்தது.

கோட்டிலிருந்து தூள் கொட்டியது. காய்ந்த தூள். அது நாங்கள் ஈரமாக வெட்டிய கோடு. கொஞ்ச நேரத்தில் விளக்கு ஒரு மஞ்சள் புள்ளியாகிவிட்டது.

பழக்கத்தில் என் கை கயிற்றை ஒரு முறை இழுத்தது. நிறுத்து.

சத்தம் நின்றது.

அப்படிச் செய்திருக்கக் கூடாது. நான் இருப்பது அதற்குத் தெரிந்துவிட்டது.

கயிறு மெல்ல இறுகியது. ஒன்று... இரண்டு... மூன்று.

முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். ஈரத்தில் ஊறி இறுகியிருந்தது. காலை ஊன்றினேன். தரையெல்லாம் வெட்டின சேறு. வழுக்கிக்கொண்டே போனேன்.

ஒன்று... இரண்டு... மூன்று.

சுவர் கைக்கு எட்டியது.

மூன்று.

கன்னம் சுவரில் அழுந்தியது.

உள்ளே யாரோ இருமினார்.

ஷட்டர் கிறீச்சிட்டது. வெளிச்சம். கையில் கடப்பாரையோடு அண்ணன்.

"என்னடி, செவுத்தோட ஒட்டிக்கிட்டு நிக்கிற?"

"கயிறு..."

கயிற்றின் மறுமுனை கோட்டுக்குள் போயிருந்தது. அண்ணன் பிடித்து இழுத்தான். வந்தது. வந்துகொண்டே இருந்தது. ஒரு முழம். அரை விரல் ஆழக் கோட்டிலிருந்து.

என் இடுப்பு முடிச்சைக் கத்தியால் அறுத்தான். அந்த வேலையை அப்படியே விட்டுவிட்டு வந்தோம்.

வீட்டில் நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். கயிறு எங்கே கிடைத்தது? கடைசியில் சாப்பிட்ட தட்டைத் தள்ளி வைத்தான்.

"அந்த ரூம்லதான் கெடந்துச்சு. நமக்கு முன்னாடி அங்க ஒருத்தர் வெட்டியிருக்கார். டிஸ்க்குக்குக் காப்பு மூடி போடாம. டிஸ்க் உடைஞ்சு அவர் மேலயே பாஞ்சிடுச்சு. வாட்ச்மேன் சொன்னாரு. உங்கிட்ட சொன்னா வர மாட்டேன்னு..."

"கூட யாரும் இல்லையா?"

"அவரோட தம்பி இருந்தான்." அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "கயித்த அவுத்துப் போட்டுட்டு, தண்ணி எடுக்க மேல போயிருந்தானாம்."

"அப்புறம்?"

"அவன் வந்து பாக்கும்போது, மொத்தக் கயிறும் அவர் கையில சுருண்டு கெடந்துச்சாம். யாராவது வருவாங்கன்னு... இழுத்துக்கிட்டே இருந்திருக்கார்."