ஆரணிப் பள்ளத்தாக்கு

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் எழுந்து தேநீர் போடப் போகிற ஆள் நான். நீங்கள் சிரிக்கப் போகிறீர்கள் என்றும் தெரியும். சிரியுங்கள், ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

என் வேலை வரைபடம் தயாரிப்பது. லண்டன் ஹரோவில் எங்கள் வீட்டு மேல்மாடி அறையில் இருந்தபடியே, செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துக் கரைகளையும் மலைகளையும் கணினியில் வரைவேன். அந்தக் குளிர்காலத்தில் எனக்குக் கிடைத்தது ஆர்க்டிக் கடலில் ஆளில்லாத ஒரு தீவு. நடுவில் பனிமலை, சுற்றிவரக் கறுப்பு மணல், ஒரு மரம் கிடையாது, ஒரு வீடு கிடையாது. வடக்கில் ஒரு பள்ளத்தாக்கு இருந்தது. எந்தப் படத்தை எடுத்தாலும் அதன்மேல் மேகம் மூடிக் கிடக்கும், பழைய வரைபடங்களிலும் அந்த இடம் வெறுமைதான். பெயரில்லாத இடங்களுக்கு வேலை முடியும்வரை அடையாளத்துக்கு ஏதாவது பெயர் போட்டுக்கொள்வோம். நான் விளையாட்டாக, எட்டு வயது மகளின் பெயரைப் போட்டேன். ஆரணிப் பள்ளத்தாக்கு.

அன்று மனைவி விமான நிலையத்தில் ஷிப்டுக்குப் போயிருந்தாள். லண்டன் குளிர்காலம்தான் தெரியுமே, பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும்போதே பொழுதுபட்டுவிடும். நான் குசினியில் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன், ஆரணி நடுமாடியில் தன் அறையில் இருந்தாள். அதற்கும் மேலே, நான் வேலை செய்கிற அறையிலிருந்து "ஆரணி" என்று ஒரு குரல். ஒரே ஒரு தரம். நம்பினால் நம்புங்கள், அது என் குரல்.

பொழுதுபடும் நேரத்தில் ஒருதரம் மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்லக் கூடாது, மூன்றாம் தரம் கூப்பிட்ட பிறகுதான் வாய் திறக்க வேண்டும் என்று மனைவி சொல்லுவாள். பிள்ளையைப் பயமுறுத்தாதே என்று அவள் வாயை அடைத்தவன் நான்.

"ஓம் அப்பா, வாறன்!" என்றாள் ஆரணி.

படிகளில் அவள் ஓடுகிற சத்தம். கத்தினேன், தொண்டையிலிருந்து வெறும் காற்றுத்தான் வந்தது. பாய்ந்து ஏறிப் போனால் அறை காலி. ஜன்னல் பூட்டியபடி இருக்கிறது, குளிர் எலும்பைக் குத்துகிறது, பிள்ளையைக் காணவில்லை. அலுமாரி, கட்டிலடி, குளியலறை, தோட்டம் என்று பைத்தியக்காரனைப் போல் ஓடினேன், அவள் தாய்க்கு என்ன பதில் சொல்லுவேன் என்று அழுகை வந்துவிட்டது. மறுபடி மேலே வந்தபோது கணினிக்கு முன்னால் நிற்கிறாள். காலுறை தொப்பலாக நனைந்திருந்தது.

"எங்கையம்மா போனனீ?"

"நீங்கள்தானே அப்பா கூப்பிட்டனீங்கள்? ஏரிக்கு அந்தப் பக்கம் நிண்டு கையைக் காட்டினனீங்கள். தண்ணி ஆழமாக் கிடந்தது, என்னாலை வர ஏலேல்லை."

அந்தத் தீவில் ஏரி என்று ஒன்று எந்த வரைபடத்திலும் இல்லை. பெயரை அந்தக் கணமே அழித்தேன். கோடையில் ஒருநாள் மேகம் விலகிய படம் ஒன்று வந்தது. பள்ளத்தாக்கு நிறையத் தண்ணீர். தீவை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டேன்.

ஆரணி நன்றாகத்தான் இருக்கிறாள். சிரிக்கிறாள், சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகிறாள். ஆனால் நான் எத்தனை தரம் கூப்பிட்டாலும் பதில் சொல்வதில்லை. எழுந்து வந்து, கொஞ்சம் தள்ளி நின்று, என் முகத்தை உற்றுப் பார்க்கிறாள். சில நாள் கிட்ட வருகிறாள். சில நாள் பேசாமல் திரும்பிப் போய்விடுகிறாள்.