லோட் நம்பரும் நாத்தனாரும்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு நான் பெற்றது, ஒன்று என் தங்கை விட்டுப்போனது. தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தேன். ஆனாலும் இதை என் கையால்தான் எழுதுகிறேன், மெதுவாக.

நான் பிறந்த வீடு ஜார்ஜ்டவுனில் இன்னும் நிற்கிறது. இப்போது அது வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் விடுதி. எங்கள் அடுப்படி இருந்த இடத்தில் காப்பி விற்கிறார்கள். அது எங்கள் சொந்த வீடு, அப்பா வாங்கியது என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லி வருகிறேன். புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் என் நாத்தனார், அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா, அதை ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. போன வருடம் ஒரு கல்யாணப் பந்தியில், சொந்தபந்தம் எல்லாம் சுற்றி உட்கார்ந்திருக்க, சொல்லியே விட்டார்:

"தொறமொகத்துல மூட்ட தூக்குன மனுசன் டவுன்ல வீடு வாங்குனாராம் லா. வாடகைக்கு இருந்திருப்பாரு."

பந்தியே சிரித்தது. நான் பாயசத்தைத் தள்ளி வைத்தேன்.

மறுநாளே என் மூத்த மகளிடம், எனக்கு அந்த வீட்டுப் பத்திரம் பார்த்தாக வேண்டும் என்றேன். அவள் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை ஆபிசில் வேலை செய்கிறாள். இரண்டு நாள் லீவு போட்டாள். முதல் நாள் அவளே போய், தெருப் பேரையும் கதவு நம்பரையும் கொடுத்து அந்த மனையின் லோட் நம்பர் வாங்கி வந்தாள். மண்ணுக்குக்கூட ஒரு நம்பர் உண்டு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். இரண்டாம் நாள் நில அலுவலகத்துக்கு நானும் போனேன், நல்ல சேலை கட்டிக்கொண்டு.

கவுன்டரில் இருந்த மலாய்க்காரப் பெண் என்னை மக்சிக், அவர்கள் பேச்சில் பெரியம்மா, என்று அழைத்து நாற்காலி போட்டுக் கொடுத்தாள். பழைய கைமாறல்களையும் சேர்த்து எடுத்துத் தரச் சொன்னோம். காகிதம் வந்தது. மகள் மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டினாள். மறுபடியும் ஓட்டினாள்.

"தாத்தா பேரு இல்லம்மா. வாங்க, வீட்டுக்குப் போவோம்."

நான் எழுந்திருக்கவில்லை. பந்தியில் சிரித்த முகம் ஒவ்வொன்றும் கண்முன் வந்தது. வந்தது வந்தோம், இருக்கிற பேரையெல்லாம் வாசி, யாருடைய வீட்டில் பிறந்தேன் என்றாவது தெரிந்துகொள்கிறேன் என்றேன். வாசித்தாள். ஒரு சீனர். அடுத்து ஒரு பொம்பளைப் பேர். அதற்கடுத்து இன்னொரு சீனர்.

"அந்த ரெண்டாவது பேர திரும்பப் படி."

படித்தாள். அது என் அம்மாவின் பேர். என் மகளுக்கு அது தெரியாது. பாட்டியை அவள் கூப்பிட்டது வெறும் ஆயா என்றுதான். ஆயாவுக்கு ஒரு பேர் உண்டு என்று நான் சொல்லிக் கொடுத்ததே இல்லை.

அப்போதுதான் எனக்குப் பழைய கதை ஒன்று ஞாபகம் வந்தது. அம்மா அப்பாவின் பேரை வாயால் சொல்ல மாட்டாள். நானும் அப்படித்தான், ஆஸ்பத்திரியில்கூட என் வீட்டுக்காரர் பேரைப் பிள்ளைகள்தான் சொல்ல வேண்டும். ஒருமுறை அப்பாவுக்கு வேலையிலிருந்து வர முடியாமல் அம்மா தனியாக லாயர் ஆபிசுக்குப் போயிருக்கிறாள். அங்கே இருந்த கிராணி, அதாவது குமாஸ்தா, யார் பேரில் எழுதுவது என்று மூன்று முறை கேட்டாராம். சொல்ல வெட்கப்பட்டு, தன் பேரையே சொல்லிவிட்டு, கைநாட்டும் வைத்துவிட்டு வந்தாளாம். இதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வாள். அது என்ன காகிதம் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. அப்பா அதைத் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. அதை நினைத்தால் இன்றும் மனசு குளிர்கிறது.

அந்தக் கவுன்டர் முன்னாலேயே நாத்தனாருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டார். பிறகு சொன்னார்:

"அப்ப நான் சொன்னது சரிதானே. ஒங்கப்பா பொண்டாட்டி வீட்டுல குடியிருந்திருக்காரு. வாடகையாவது குடுத்தாரா?"

நானும் சிரித்துவிட்டேன். வேறென்ன செய்ய? ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு விருந்துக்கு அந்தக் காகிதத்தோடு போகிறேன். நான் எழுதிய இதையும் எடுத்துப் போகிறேன். அன்று பந்தியில் இருந்தவர்கள் எல்லாரும் வருகிறார்கள்.

எழுதி முடித்தாயிற்று. இந்தா பேத்தி, போனைக் கீழே வை. முதலிலிருந்து சத்தமாக வாசி, கேட்போம். ஞாயிற்றுக்கிழமை உன் அத்தைப்பாட்டி முன்னால் வாசிக்கப் போவது நீதான்.